ஏழாவது கேள்வி

காலையில் பீரோவைத் துடைக்கும்போது நாம் இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்களாக இருந்த காலத்துப் பதினோராம் வகுப்பு இயற்பியல் வினாத்தாள் ஒன்று கையில் வந்தது. சைக்ளோஸ்டைல் மை மங்கிவிட்டது; உன் கோணல் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஏழாவது கேள்வி: ‘விசைத்தறியில் அடிபட்டு, நூலை இழுத்துக்கொண்டு பறக்கும் நாடாவை நடுவழியில் முன்னால் தள்ளும் விசை எது?’

எதுவுமில்லை என்பதுதான் விடை. அதுவரை இதையே நான் பனித்தரையில் வழுக்கும் கட்டை என்று கேட்டு வந்தேன். திருத்தணி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் பனித்தரையை எங்கே கண்டார்கள்? உதைத்த விசை கட்டைக்குள் இருக்கிறது என்று எழுதுவார்கள். நீ தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடாக் கட்டையைக் கேட்டதும், தறிச் சத்தத்தில் வளர்ந்த அம்மையார்குப்பத்துப் பிள்ளைகள் சரியாக எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நீயும் அந்த ஊர்த் தறிக்காரர் மகன்தானே. தலைமையாசிரியரிடம் போய், “அவுரு ஊர்ப் பசங்களுக்குன்னே கேள்வி எடுக்குறாருங்க” என்றேன். என் எதிரிலேயே உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அன்றோடு வினாத்தாள் எடுக்கும் பொறுப்பு உன் கையை விட்டுப் போயிற்று. வெளியே வந்ததும் நீ சொன்னது ஒன்றுதான்.

“அந்தப் பசங்களுக்குத் தெரியும்யா. நாமதான் தெரியாத மாதிரி கேட்டுகினு இருந்தோம்.”

உன்னைப் பொய்யனாக்கவே அடுத்த வாரம் இரண்டு கேள்வியையும் ஒரே தாளில் என் வகுப்புக்குக் கொடுத்தேன். தறியில் சரியாக எழுதிய பிள்ளையே பனித்தரையில் தவறாக எழுதியிருந்தது. ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்டேன்.

“நாடா அடி வாங்குனதோட சரி சார். அப்புறம் யாரும் தள்றதில்ல, அதுவா போவுது. பனியில எப்பிடின்னு தெரியல சார்.”

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் குடும்பம் என்னுடையது. தொன்னையில் இருக்கும் பொங்கலைவிட அண்டாவில் இருப்பது ஆற ஏன் நேரமாகிறது என்று வருஷா வருஷம் கேட்டவன் நான். எங்கள் தெருப் பிள்ளைகள் வெளுத்துக் கட்டுவார்கள். விழித்த உங்கள் ஊர்ப் பிள்ளைகளை மக்கு என்று திட்டியிருக்கிறேன். தலைமையாசிரியர் அறையில் நீ அதை எடுத்துவிட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க முடியாது. உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த விடைத்தாள்களைத் தலைமையாசிரியரிடம் காட்டியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, கிழித்துப் போட்டேன். அதன்பின் எத்தனையோ வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

நீ கண்ணை மூடிய அன்று உன் மகள் என்னிடம் வந்தாள். “அப்பா மேல அன்னிக்குப் புகார் சொன்னது யாருன்னு கேட்டா, சிரிச்சிகினே போயிடுவாரு சார். உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாதும்மா என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.