எழுத்தை மிதிக்க மாட்டேன்

மஹய்யாவ, கண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் இந்த வாரம் மனதுக்குத்தான். மெல்பனில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், முருகன் துணையில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, துவைத்த துணி மூன்றாவது நாளாக முன்னறையில் தொங்குகிறது, அப்பா அதற்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஈரம் சொட்டுகிறது என்று என்னிடம் முறையிடுகிறார். தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டால் அங்கேதான் ஃபேன் காற்று வருகிறதாம்.

வெள்ளிக்கிழமை நீ போனில் கோல் எடுத்தபோது, சின்ன விஷயம் அம்மா, ஒரு சொரி லெட்டர் எழுதிக் குடுத்துட்டு சேர்ட்டிபிகேட்ட வாங்குங்க என்றாய். உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் பக்கத்தில் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டதால் நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். எனக்குப் போனில் கோபப்படத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா படம் பிடித்து அனுப்புவார். முழுவதையும் படி, பிறகு சின்ன விஷயமா என்று சொல்.

தெல்தோட்டையில் பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நான் சனிக்கிழமைகளில் நடத்தும் இங்கிலிஷ் வகுப்பை, டவுனில் உள்ள ஒரு கல்வி நிலையம் பொறுப்பெடுத்துப் புத்தகமும் பலகையும் தருவதாகச் சொன்னதல்லவா. படிப்பிக்கிறவர் அவர்களுடைய பயிற்சியில் தேற வேண்டும், தேறாவிட்டால் வகுப்பை வேறொருவரிடம் கொடுப்பார்கள் என்பது அவர்களின் நிபந்தனை. பயிற்சிக்கு நானும் சந்தோஷமாகத்தான் போனேன். அங்கே எங்களுக்குப் படிப்பித்தது ஷெரோன் என்று ஒரு பிள்ளை, கொழும்பிலிருந்து வந்தவள், உன் வயதுதான் இருக்கும், கெட்டிக்காரி. அன்றைய பாடம் இங்கிலிஷில் கால் வருகிற மரபுத்தொடர்கள். இந்த வெள்ளைக்காரர்களுக்குக் காலை விட்டால் வேறு உறுப்பே அகப்படவில்லையோ என்று நினைக்கும் அளவுக்கு இருக்கின்றன. பயந்து பின்வாங்கினால் கால் குளிர்ந்துபோகிறது, சொல்லக்கூடாததைச் சொன்னால் காலைத் தூக்கி வாய்க்குள் வைத்துக்கொள்கிறார்கள், ஒரு தொழிலில் எப்படியாவது நுழைந்தால் கதவிடுக்கில் கால், சாகப்போகிறவருக்கு ஒரு கால் குழிக்குள். இவையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரிசி களைந்துகொண்டே டிகிரிச் சோதனைக்கு மனப்பாடம் செய்தவை, பிழையில்லாமல் எழுதித் தேறியவை.

ஷெரோன் ஒவ்வொரு தொடரையும் பெரிய தாளில் எழுதித் தரையெல்லாம் பரப்பினாள். அவள் ஒரு நிலைமையைச் சொல்வாள், கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை நடுங்கினால் என்ன என்பது போல, நாங்கள் ஓடிப்போய்ச் சரியான தாளின் மேல் குதித்து நிற்க வேண்டும். சப்பாத்தைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை மகள். தவறி ஒரு புத்தகம் கொப்பியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான், நீயும் அப்படித்தான், ஏ.எல். சோதனைக்குப் படிக்கும்போது கட்டிலில் கிடந்த நோட்ஸில் கால் பட்டால் தூக்கக் கலக்கத்திலும் குனிந்து தொடுவாய். அது எந்த மொழி எழுத்தாக இருந்தால் என்ன. என் முறை வந்தபோது நான் தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தாளின் மேல் ஏறச் சொன்னாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், அத்தனை பேருக்கு முன்னால் காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தது. கம்பளையிலிருந்து வந்திருந்த பஸீஹா டீச்சர் மெதுவாக, என்னத்துக்கு டீச்சர் நிக்கிறீங்க, ஓரத்தில ஒரு விரலயாவது வச்சிட்டு வாங்களேன் என்றார். அதுவும் என்னால் முடியவில்லை. பின்னாலிருந்து ஒருவர், டீச்சருக்குக் கால் குளிர்ந்துபோச்சு போல என்று அந்த இங்கிலிஷ் தொடரையே எடுத்து விட்டார், மண்டபமே சிரித்தது.

சிரித்ததைக்கூட மறந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வின்சன்ட் சேர் கோல் எடுத்து, மனசு நோகாதீங்க டீச்சர், உங்களுக்கு அந்தத் தொடரெல்லாம் தெரியாது, இங்கிலிஷ் கொஞ்சம் குறைவுன்னு அறிக்கையில போட்டிருக்காங்க, ஒத்துழைக்காததுக்கு ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தீங்கன்னா ஆரம்ப வகுப்புல சேத்து சேர்ட்டிபிகேட்டும் குடுத்துடலாமாம் என்றார். பார்த்தாயா நியாயத்தை. மிதிக்க மாட்டேன் என்று நின்றவளைத் தெரியாமல் நின்றாள் என்று எழுதிவிட்டார்கள். ஏன் நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் படிப்பிக்கிற, சேலை கட்டிய பொம்பளை பேசாமல் நின்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு. காலால் இட்ட வேலையைத் தலையால் செய்வாள் என்று நினைத்தார்கள் போலும்.

இதற்குத்தான் நீ சொரி எழுதச் சொல்கிறாய். அங்கே அது ரயிலில் தோள் இடித்தாலும் சொல்கிற சொல்லாக இருக்கலாம். இங்கே நான் எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கை உண்மையாகிவிடும். தெல்தோட்டைப் பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் இங்கிலிஷ் தெரியாத ஒருத்தி படிப்பித்தாள் என்றாகிவிடும். அவர்கள் படித்ததெல்லாம் பிழை என்றாகிவிடும். நிலையத்துக்காரர்கள் என்ன சொன்னாலும் தாங்குவேன், என் பிள்ளை நீ இதைச் சின்ன விஷயம் என்றதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் நேற்று முன்தினம் உன்னோடு போன் பேசி வைத்த கையோடு நானே நிலையத்துக்குப் போனேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வின்சன்ட் சேரும் ஷெரோனும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தால் பேச்சு வராது என்று கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே இங்கிலிஷில் சொன்னேன், எழுத்தை நாங்கள் மிதிப்பதில்லை, அதனால்தான் நின்றேன், பதில் தெரியாமல் இல்லை என்று. சொன்ன இங்கிலிஷில் ஒரு பிழையும் இல்லை. ஷெரோனின் முகம் மாறிவிட்டது. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ், எனக்கு நெசமாவே இது தோணல்ல என்றாள். அவளும் தமிழ்ப் பிள்ளைதான், வீட்டில் இதெல்லாம் இருந்திருக்கும். நீங்க கேட்டிருக்கலாமே மகள் என்றேன். வாங்க மிஸ், தாள இப்பவே மேசையில வச்சுக் கேக்கிறேன், அஞ்சு நிமிஷத்துல அறிக்கைய மாத்திடலாம் என்றாள். வின்சன்ட் சேரும், அதோட முடிஞ்சுது டீச்சர், சேர்ட்டிபிகேட் கிடைச்சாப் போதும்தானே என்றார்.

போதாது என்றேன். சிரித்தது ஒரு மண்டபம், திருத்துவது ஒரு மூடிய அறைக்குள்ளா. வியாழக்கிழமை சேர்ட்டிபிகேட் கொடுக்க எல்லா ஆசிரியர்களும் வருகிறார்கள், அவர்கள் முன்னால் கேளுங்கள், எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள், தெரியாவிட்டால் நானே வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். விளையாட்டு நல்ல விளையாட்டுத்தான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தரையில் சோக்குக்கட்டியால் வட்டம் போட்டுக் குதிக்க வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது ஷெரோன் வாசல் வரை வந்து, மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன் மிஸ் என்றாள். அவள் மேல் இப்போது பாதிக் கோபம்தான்.

நேற்றுத் தெல்தோட்டையில் பிள்ளைகளின் தாய்மாரிடமும் சொன்னேன். காம்பராச் சாவி வைத்திருக்கும் ரத்தினம்மா, வேற யாராச்சும் வந்தா சாவி எங்கிட்ட இல்லன்னுருவேன் டீச்சர் என்றாள். பொய் சொல்லாதே என்றேன். அப்ப இருக்கு, ஆனா தர மாட்டேன்னு சொல்றேன் என்றாள். பிறகு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் கோல் எடுக்காதே. தைரியம் சொல்ல வேண்டாம், பயமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், வாயைத் திறக்கத்தான் போகிறேன். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, தலைக்கு எண்ணெய் வை, அங்கே யாராவது ஒரு வேலையில் பேசாமல் நின்றால் ஏன் என்று கேட்டுவிட்டு எதையும் எழுது. எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் சாமியிடம் கேட்கிறோம்.

இப்படிக்கு
உன் அம்மா
க. நல்லம்மா, பி.ஏ.

அந்த இரண்டு எழுத்தை இதுவரை எந்தக் கடிதத்திலும் போட்டதில்லை, கூச்சமாக இருக்கும். இனிமேல் போடுவேன்.