ஊறிய மாம்பலகை

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பின் அறை அலமாரியை நகர்த்தினால் மூலையில் கரையான் புற்று, ஒரு சாண் உயரம். அடித்தட்டு மாம்பலகை பாதி மண்ணாகிவிட்டது. ஒட்டி நிற்கும் தேக்குக் கதவு நிலையில் ஒரு கீறல் இல்லை.

பீங்கான் கம்பெனி சோதனை அறையில் முப்பது வருடம் களிமண் ஈரம் குறித்த கை, சும்மா இருக்குமா? புற்றருகே மூன்று துண்டு வைத்தேன்: தேக்கு, காய்ந்த மா, மழையில் ஊறிப் பூஞ்சை பிடித்த மா.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ரஹீமா, வழக்கம்போல டீக்கு. வீட்டுக்காரர் துபாயில். அவளும் தனி, நானும் தனி. "மருந்து அடிச்சிடுங்கக்கா, வூட்டையே தின்னுடும்" என்றாள்.

நவ. 6, வியாழன்

ஊறிய மா: முழுக்க மண் மூடிவிட்டது. காய்ந்த மா: லேசாக. தேக்கு: சீண்டவில்லை, சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன.

செல்போனில் படித்தேன். கண் தெரியாத பூச்சி, எல்லாம் வாடையை வைத்துத்தான். தேக்கில் உள்ள ஏதோ சத்து அதற்கு ஆகாது. பூஞ்சை தொட்ட மரத்தின் வாசம் வா வா என்று இழுக்குமாம்.

பால் ஊற்ற வந்த செல்வி புற்றைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நவ. 7, வெள்ளி

செல்வியோடு எட்டுப் பெண்கள். மஞ்சள், குங்குமம், பால். ஓய்வு பெற்றபின் இந்த வீட்டில் இத்தனை குரல் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம், பொய் சொல்வானேன்? மருந்துக்காரருக்குப் போன் செய்யவில்லை.

நவ. 9, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் போன். நாலு நிமிடம். புற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் மறுநாளே ஆள் அனுப்புவாள்.

நவ. 11, செவ்வாய்

வெயில். புற்றில் புது மண் இல்லை. கட்டை தீர்ந்தால் இவை போய்விடும். இவை போனால் அந்தப் பெண்கள்?

மரவாடியில் பூஞ்சை பிடித்த மாம்பலகையாகப் பார்த்துப் பொறுக்கினேன். அடுப்புக்குக்கூட ஆகாது என்றார் கடைக்காரர். ஊறவைத்துப் புற்றுக்குப் பின்னால் செருகினேன். வந்தது தெய்வம் என்கிறார்கள். வரவழைப்பது நான். சிரிப்பு, கூடவே வெட்கம்.

மதில் வழியே ரஹீமா கூப்பிட்டாள். ஏதோ சொல்லணுமாம். கையெல்லாம் சேறு. அப்புறம் வா என்றேன்.

நவ. 12, புதன்

புது மண். ஈரமாக, இரண்டு விரல் அகலம்.

ரஹீமா வரவில்லை.

நவ. 14, வெள்ளி

பதினைந்து பேர். அடுத்த தெருவிலிருந்தும். யாரும் என் முகம் பார்க்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை. "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, மறைக்குது" என்றாள் ஒருத்தி. என் வீட்டில் நான் ஒதுங்கி நின்றேன். கிளம்பும்போதும் புற்றிடம்தான் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நவ. 16, ஞாயிறு

காலையில் முதல் வேலை, பலகையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். எதற்கு இந்தக் கூத்து.

ஏலக்காய் தட்டி டீ போட்டுவிட்டு ரஹீமாவைக் கூப்பிடப் போனால் பூட்டு. செல்விதான் சொன்னாள். வீட்டுக்காரர் விசா எடுத்து அழைத்துக்கொண்டாராம். நேற்றே விமானம்.

"வெள்ளிக்கிழமை உங்ககிட்ட சொல்லிக்க வந்தாங்களே. வாசல்ல அத்தனை செருப்பைப் பாத்துட்டு, பூசை நடக்குது, நாம எதுக்கு நடுவுலன்னு திரும்பிப் போயிட்டாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறாள் என்று அவள் போன் நம்பரைக்கூட நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.