களனி ஆற்றை உதாரணம் காட்டிய வகுப்பு

சனிக்கிழமை இரவு, வெள்ளவத்தை.

இன்று எங்கள் இளைஞர் கழகத்தை நடத்தப் புதிதாக நம்பிக்கைப் பொறுப்பாளர்களான எங்களுக்குப் பயிற்சி நடந்தது.

"சுற்றுலா கூட்டிக்கொண்டு போன பிள்ளை ஒண்டு களனி ஆத்தில மூழ்கிச் செத்திட்டுது எண்டு வையுங்கோ. நீங்கள் முதல்ல என்ன செய்யவேணும்?" என்று பயிற்றுநர் கேட்டார்.

என் மகன் கவின் அப்படித்தான் இறந்துபோனான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் கையை உயர்த்தினேன். "முதல்ல தாய்க்குச் சொல்லவேணும். அவ பேஸ்புக்கில பாத்து அறியக்கூடாது."

"சரியான பதில்" என்று சொல்லி அவர் அதைப் பலகையில் எழுதினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும், என்னோடு பொறுப்பேற்ற பரீதா கையைப் பிடித்தார். "உங்கட மகனுக்கு நடந்தது எண்டு ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லுவினம். பதிலை ஒருத்தரும் எழுதமாட்டினம்."

இன்னும் அழுகை வரவில்லை. கண் மட்டும் நித்திரையில் சொக்குகிறது.