ஒன்பது வினைச்சொல், ஐம்பத்து நான்கு சுற்று

திங்கட்கிழமை, மத்தியானம்
பட்டறை

அன்புள்ள என் வீட்டு எஜமானியம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்பதை முதல் வரியில் எழுது, மற்ற கதையெல்லாம் அப்புறம். அந்த முதியோர் இல்லத்தில் இருக்கிற அத்தனை பேரையும் நீ ஒருத்தியே தூக்கி உட்காரவைக்க வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை. பகலெல்லாம் அங்கே, சாயங்காலம் நர்சிங் வகுப்பு. உடம்பா, இரும்பா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? இருப்பதே ஒன்றரை அறை. நான் போனை எடுத்தால் பாப்பா காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதுவுமில்லாமல் போனில் நான் ஒன்று சொன்னால் நீ நாலு கேட்பாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கிற வரை நீ சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

நாங்கள் அந்த நாட்டுக்கு வந்து உன்னோடு சேருவதற்கான பரீட்சைக்கு இன்னும் பதினேழு நாள். குழந்தைகளுக்குப் பரீட்சை கிடையாது என்பதால் பாப்பாவுக்கு அனுமதி வந்துவிட்டது. அப்பாக்காரன்தான் பிரெஞ்சு பேசிக் காட்ட வேண்டுமாம். இரண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதையும் விட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள், இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி மனுப் போட முடியும். உனக்குத் தெரிந்ததுதான்.

இந்த மாதம் முழுக்க வகுப்பில் எதிர்காலம்தான். ஜெராக்ஸ் கடை மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து, பேசுவேன், பேசுவாய், பேசுவான் என்று கத்துகிறோம். ஜெ பார்லரே, து பார்லரா, இல் பார்லரா. நூ பார்லரோன், வூ பார்லரே, இல் பார்லரோன். ஆறு பேருக்கு ஆறு விதமாக எழுத வேண்டும், வாயில் வருவது என்னமோ மூன்றே சத்தம். மிச்ச எழுத்தெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்குகிற கூட்டம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போவதற்கு 'அலே' என்று போன மாதம் கற்றுக்கொடுத்தார்கள். நாளைக்குப் போவேன் என்றால் 'இரே'யாம். ஆளே மாறிப்போச்சு. ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டேன். அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு அந்தப் பெண் பலகையை அழித்துவிட்டது.

மனப்பாடம் என்றால் எனக்கு ஏது நேரம்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற மெஷினில் எண்ணிக்கை காட்டுகிற முள் உடைந்து பல வருஷமாகிறது, நான் வாயால்தான் எண்ணுவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு காயில் கம்பிக்கு ஐம்பத்து நான்கு சுற்று. ஒரு வினைச்சொல்லுக்கு ஆறு. ஒன்பது வினைச்சொல் முடிந்தால் ஒரு காயில் முடிந்தது! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு வாரம் அமர்க்களமாக ஓடியது. கையும் நிற்காது, வாயும் நிற்காது.

போன புதன்கிழமை சலவைக்கடை மோட்டார் ஒன்றைச் சுற்றினேன். வசிப்பது, வாங்குவது, திறப்பது என்று வரிசையாக வந்தவன், எங்கேயோ ஒரு வினைச்சொல்லை விழுங்கிவிட்டேன். ஒரு காயிலில் அல்ல, நாலு காயிலில். ஐம்பத்து நான்குக்கு நாற்பத்தெட்டுதான் இருந்தது. மாட்டின மறுநாளே மோட்டார் சூடேறிக் கருகிவிட்டது. கடைக்காரர் ஈரத் துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. முதலாளி அவரை அனுப்பிவிட்டு, கருகின காயிலை என் மேஜையில் வைத்தார். உன் வாய்ல ஒண்ணு ஓடுது, கைல ஒண்ணு ஓடுது, நீ எங்கப்பா இருக்கேன்னு கேட்டார். பதினெட்டு வருஷத்தில் நான் சுற்றின மோட்டார் எதுவும் திரும்பி வந்ததில்லை. அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணிச் சுற்றிக் கொடுத்தேன்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாப்பா போனில் போட்டுக்கொடுத்துவிடுவாள். முந்திக்கொண்டேன்.

போன வாரம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்தத் தடவையும் நடக்கலைன்னா நான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன், எனக்கு முடியலைன்னு சொன்னாயே. அன்றைக்கு நான் சிரித்து மழுப்பினேன். நர்சிங் முடிக்க உனக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. அப்படியெல்லாம் யோசிக்காதே. எப்படியும் பாஸ் பண்ணிவிடுவேன்.

முதுகுக்கு மருந்து போடு. கனமான ஆளென்றால் கூட ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் மக்கு மாணவன்


வெள்ளிக்கிழமை, காலை
வீடு

என் அருமை எஜமானியம்மா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது பாப்பா உன் பக்கத்தில் இருப்பாள். விமானத்தில் ஒரு பெண் கூடவே இருந்து உன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவாள் என்று சொன்னார்கள். கடிதத்தை அவள் பைக்குள், ஸ்வெட்டருக்குக் கீழே, உறையில் போட்டு 'மார்க் ஷீட்டுகள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதனால் அவள் தொட்டிருக்க மாட்டாள். முதலில் அவளுக்குச் சாப்பாடு போடு. அவள் தூங்கின பிறகு மேலே படி.

படிக்கிறாயா?

ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று நான் சொன்னது பொய். வந்து பதினொரு நாள் ஆகிறது. நான் ஃபெயில்.

கத்தாதே, அவள் எழுந்துவிடுவாள். எழுத்துப் பரீட்சையில் இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. பேச்சில் நாலு. ஏதாவது ஒரு பகுதியில் ஐந்துக்குக் குறைந்தால் மொத்தமும் போச்சு. ஒரே ஒரு மார்க். அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் கடை வாசலிலேயே நின்று எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். சின்ன அறை, ஒரு மேஜை. எதிரே கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்லக்கூடாது. அங்கே போனதும் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு நன்றாகப் புரிந்தது. வேலை செய்வேன் என்று ஆரம்பித்தேன். வாய் நிற்கவில்லை. வேலை செய்வேன், வேலை செய்வாய், வேலை செய்வான் என்று ஆறும் முடிந்த பிறகுதான் மூச்சு விட்டேன். மேஜைக்குக் கீழே என் வலது கை கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டு, பரவாயில்லை, பதில் மட்டும் சொல்லுங்கள் என்றார். மகள் என்ன செய்வாள் என்று கேட்டார். அவள் படிப்பாள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? நேராக அவளிடம் போக முடியவில்லை. நான், நீ என்று முதலிலிருந்து வந்தால்தான் அவள் வருகிறாள். எண்ணிக்கை தவறினால் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து சுற்றுகிற புத்தி எனக்கு. உன்னைப் பற்றிக் கேட்டபோதும் அதே கதை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியாக, மூன்று பேரும் எங்கே வசிப்பீர்கள் என்றார். 'நாங்கள்' வரைக்கும் வந்தேன். அங்கே மட்டும் வாய் நின்றுவிட்டது. நீ போட்டோவில் காட்டின அந்த அறை, ஜன்னல் பக்கத்துக் கட்டில், எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. நேரம் முடிந்தது என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். எடுத்ததும் நீ, என்ன ஆச்சுங்கன்னு கேட்டாய். பின்னால் யாரோ ஒரு பெரியவர் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் வரலை, பாப்பாவோட அனுமதி இந்த மாசத்தோட முடியுதுல்ல, அவ முன்னாடி வரட்டும், நான் ரிசல்ட் வாங்கிட்டு மூணு வாரத்துல வர்றேன்னு சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நீ அப்படிச் சந்தோஷப்பட்டதும் திருத்த மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ டிக்கெட் போட்டிருப்பாய். பாப்பாவின் அனுமதியும் காலாவதியாகியிருக்கும். மறுபடி நாம் மூன்று பேரும் இந்த ஒன்றரை அறையில், நீ பாதிப் படிப்போடு, நான் இதே மெஷினோடு. உன்னை ஏமாற்றிவிட்டேன். தப்புத்தான்.

பாப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன். நேற்றுப் பை அடுக்கும்போது, அப்பா, மூணு வாரம்னா இருபத்தொரு நாள்தானேன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். நோட்டில் கோடு போட்டு இருபத்தொரு கட்டம் வரைந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். இப்போது எதிரே உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதறீங்கன்னு கேட்கிறாள். முதலாளிக்கு லீவு லெட்டர் என்றேன்.

அவளுக்கு வலது கடைவாய்ப் பல்லில் கூச்சம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. புது இடத்தில் முதல் நாள் சாப்பிட மாட்டாள், திட்டாதே. கணக்கில் கெட்டி, ஆனால் கேட்டால்தான் வாயைத் திறப்பாள். பள்ளிக்கூடத்தில் நீ போய்ச் சொல்லிவிடு.

என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் திட்டித் தீர்த்துக்கொள். பத்து நாள் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். கிளம்பி மட்டும் வந்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், படிப்பை முடி. இரண்டு வருஷம் கழித்து ஃபைலைத் திறக்கிற அன்று நான்தான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

கட்டங்கள் முடிந்து, அப்பா ஏன் வரலைன்னு பாப்பா கேட்டால் நீ ஒன்றும் சொல்லாதே. உன்னால் முடியாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கூப்பிட்டு, போனை அவள் கையில் கொடுத்துவிடு. அந்தப் பொய்யையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு பேரும் நல்லபடியாக இருங்கள். அது போதும் எனக்கு.

என்றும் உன்,
வீட்டுக்காரன்