தட்டைக் காலி செய்தேன்

என் செல்ல மகள் வேணிக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் தகப்பனார் நான்தான் என்று ஃபாக்டரியில் எல்லாரிடமும் காட்டினேன். இமிகிரேஷன் பேப்பர் இன்னும் வரவில்லை. இப்போது டொராண்டோவை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம்.

ஞாயிறுதோறும் எனக்குச் சாப்பாடு, கூட வேலை செய்யும் யூகோஸ்லாவியக்காரன் மிலோராட் வீட்டில். அவர்கள் வழக்கத்தில் தட்டைக் காலி செய்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அது தெரியாமல் முதல் தடவை பெல்ட்டைத் தளர்த்தித் தளர்த்தித் தின்றேன். பிறகுதான் மிச்சம் வைக்கப் பழகினேன்.

நேற்று மிலோராட் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணம், நீ இங்க என்னய்யா பண்றே?" என்று கேட்டான்.

நான் தட்டை வழித்துக் காலி செய்தேன். அவன் மனைவி ஓடிவந்து பரிமாறினாள். வாய் நிறையச் சோறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை அம்மா.

உன் சாப்பாட்டு ராமன்,
அப்பா