ஒரு வருடத்துக் கயிறு

ஜூலை 14, செவ்வாய்

விடாத மழை. கோதுமை சாய்ந்துவிடுமோ என்று மதியம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு படுக்கை விரிப்பு அளவுக்குத்தான் விதைத்திருக்கிறேன். அதற்கே இத்தனை பாடு. லோர்க்கன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “இதுல ஒரு பன்னு தேறும். ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி” என்றான்.

இரண்டு பேரும் என்றானே. அப்படியானால் அறுவடை நாள் கழிந்தும் இங்கேயே இருப்பான் என்று அர்த்தமா? ஐம்பத்தாறு வயதில் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 17, வெள்ளி

போன வருடம், அயர்லாந்தின் பழைய அறுவடைத் திருநாளான லூனசா அன்று, முதல் அறுவடைக்கு விளக்கேற்றிய கையோடு, ஆப்பிள் மரத்தடியில், எங்கள் சடங்குகளை நடத்திவைக்கும் சிநேகிதி ஓர்லா எங்கள் இருவர் கைகளையும் கயிற்றால் கட்டினாள். ஒரு வருடமும் ஒரு நாளும் செல்லும் கல்யாணக் கட்டு. நாள் வந்ததும் மறுபடி கட்டலாம். இல்லையென்றால் அவிழ்த்துவிட்டு, முதுகோடு முதுகாக நின்று, ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அதுவரை, மறுபடி கட்டுவாயா என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற எங்கள் முறை அப்படி.

எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! கட்டாயம் எதுவும் கிடையாது, நாங்கள் தினமும் விரும்பித்தான் சேர்ந்திருக்கிறோம் என்று. இப்போது அந்த முறையே தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. லோர்க்கனுக்கு மாதா கோயிலில் நடந்த முதல் கல்யாணம் இருபது வருடம் ஓடிவிட்டுக் கலைந்தது. அதனால்தான் இந்தக் கயிறு அவனுக்குப் பிடித்ததோ? அவிழ்க்க முடியும் என்பதால்?

ஜூலை 19, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அவன் தங்கை அசம்ப்டா வந்தாள். டீயைக்கூட வாயில் வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்தாள்.

“வாஷிங் மெஷினுக்கே ரெண்டு வருஷம் வாரண்டி குடுக்கிறான். உங்களுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும்தானா, டெர்வ்லா?”

லோர்க்கன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

ஜூலை 22

இன்னும் பதினொரு நாள். அவன் மழையைப் பற்றிப் பேசினான், நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

ஜூலை 26, ஞாயிறு

லூனசாவுக்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போல நானும் லோர்க்கனும் ஓர்லாவும் காட்டு நீலப்பழம் பறிக்க மலைக்குப் போனோம். விரல், உதடு, சட்டை எல்லாம் ஊதா. லோர்க்கன் முன்னால் ஏறிப் போனதும் ஓர்லாவிடம் கொட்டிவிட்டேன்.

“வாயத் தொறந்து கேட்டுத் தொலையேன்டி” என்றாள்.

“கேக்கக் கூடாதுன்னு கயிறு கட்டும்போது நீதானே சொன்னே?”

“நான் முடி வெட்டுறவ. சட்டம் எழுதுறவ இல்ல.”

கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அது என்ன பதில்? தானாக வர வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம், தெரியும்.

ஜூலை 29, புதன்

வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் உருளைக்கிழங்கு வாசனை. தோண்டிவிட்டான்! லூனசாவுக்கு முன்னால் மண்ணைக் கிளறுகிற வீடு நிலைக்காது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பால் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பண்ணைகளைச் சுற்றுகிறவனுக்குத் தெரியாதா? வேண்டுமென்றே செய்தானா? கத்திவிட்டேன்.

“ரெண்டொரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?”

“பசிச்சுது, தோண்டினேன். கிழங்கு கிழங்குதானே!” என்றான். அப்புறம் குரலை இறக்கி, “எல்லாத்துக்கும் ஒரு நாள் குறிச்சு வெச்சிருக்கே நீ. திங்க ஒரு நாள், பேச ஒரு நாள். மனுஷன் என்னதான் பண்ணுவான்?”

பேச என்றான். பேச ஏதோ இருக்கிறது என்றுதானே? நானும் உட்கார்ந்து தின்றேன். வெண்ணெய் போட்டு, உப்புப் போட்டு. நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன கிழங்கு.

ஆகஸ்ட் 1, சனி. லூனசா

சமையல் கத்தரிக்கோலால் கோதுமையை அறுத்தேன். காப்பி அரைக்கும் மெஷினில் போட்டதில் மாவே காப்பி மணத்தது. கடை மாவையும் கலந்துதான் ரொட்டி ஆயிற்று. முதல் துண்டை மண்ணுக்கு வைத்து, பீர் ஊற்றி, விளைச்சல் தெய்வமான லூ பெயரைச் சொல்லி நன்றி சொன்னோம். லோர்க்கன் நல்ல உற்சாகத்தில் இருந்தான், பாடக்கூடப் பாடினான். என் வாய்தான் நன்றி சொன்னது. கண் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாளில் இப்படி ஒரு திருட்டுப் பார்வை! நாளைக்குத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

போன வருடத்து முடிச்சு அவிழாமல் வைத்திருந்த கயிற்றோடு ஓர்லா காலையிலேயே வந்தாள். தட்டைத் திருப்பி வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அசம்ப்டாவும் வேலியோரம் வந்து நின்றாள். ஓர்லா முதலில் அவனைக் கேட்டாள்.

“இன்னொரு வருஷம்” என்றான் லோர்க்கன். “இன்னொரு வருஷமும் ஒரு நாளும். சந்தோஷமா.”

சிரித்த முகத்தோடுதான் சொன்னான். ஒரு மாதமாக இதற்குத்தானே செத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓர்லா என் பக்கம் திரும்பினாள். “வேண்டாம்” என்று சொன்னது நான்தானா? எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“இன்னொரு ஜூலைய என்னால தாங்க முடியாது, லோர்க்கன். சாகிற வரைக்கும்னும் கட்டலாம், உனக்குத் தெரியும். அப்படின்னா கட்டு. இல்லேன்னா அவிழ்த்துடலாம்.”

அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். “சாகிற வரைக்கும்னு ஒருத்திகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன் டெர்வ்லா. நிக்கல. மறுபடி அந்த வார்த்தைய என் வாயால சொல்ல வரல.”

அவனைத் திட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னான். நானும் உண்மையைத்தான் கேட்டேன். அவிழ்த்தோம். முடிச்சை முதலில் இளக்கியது என் விரல்தான். முதுகுகள் ஒருமுறை தொட்டுக்கொண்டன. தெற்கே என்றால் எனக்கு என் சமையலறைக் கதவுதான், இரண்டே எட்டு. வடக்கே அவன் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டிச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 3

நன்றாகத் தூங்கினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, வியாழன்

கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அசம்ப்டா வாசலில் நிற்கிறாள். கையில் சூடாக ஆப்பிள் டார்ட், மேலே துணி போட்டு மூடி. சாவு விழுந்த வீட்டுக்குத்தான் இங்கே அப்படிக் கொண்டுவருவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

“அண்ணன் என் வீட்டுல உக்காந்து சுவத்தையே பாத்துட்டிருக்கு. பெட்டியக்கூடத் தொறக்கல.”

“பாக்கட்டும்” என்றேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் அழுகையை நிறுத்தவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இப்ப எதுக்கு இந்த அழுகை? இது கல்யாணமே இல்லேன்னு ஊர் பூரா சொன்னவ நீதானே?”

மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கல்யாணம் இல்லேன்னா நான் எதுக்கு அழறேன், அண்ணி?”

இந்த ஒரு வருடத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. டார்ட்டை வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.