நான் தரையில் விட்டுப்போன ஒயர்

காக்கா,

உங்கள் தங்கை நான், இதில் உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கி எழுதமாட்டேன்.

குளிர் தொடங்கிவிட்டது. இன்று காலை, இந்தப் பருவத்தில் முதன்முறையாக, பாம்புப் பெட்டிகளின் விளக்குகளைப் போட்டேன். பல்பின் மேல் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகியது. அந்த வாசனை வந்ததும், நீங்கள் துறைமுக வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டிகளின் முன் குந்தி உட்காருவது நினைவுக்கு வந்தது. உம்மா அடுப்படியிலிருந்து கேட்பார்கள். "பெத்த புள்ளைங்களுக்கு ஒழுங்கான போர்வை இல்லை. பாம்புக்கு விளக்கு கேக்குதா?"

"அதுக்கு உங்களைப் போலக் கத்திச் சூடேத்திக்கத் தெரியாது உம்மா" என்பீர்கள்.

அப்போது நம்மிடம் நான்கு பெட்டிகள். கீழே இரண்டு, மேலே இரண்டு. பாங்காக்கிலிருந்து கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த செம்பழுப்புப் பாம்புகள், பெட்டிக்கு ஒன்று. பல்பு உடம்பில் படாதபடி கம்பிவலைக் கூடு கட்டியிருந்தீர்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வேண்டிய பக்கம் அவையே போய்க்கொள்ளும். விளக்குகளை ஏற்றி அணைக்க ஒரே ஒரு தெர்மோஸ்டாட். வெப்பம் அறியும் அதன் ஒயர் நுனி முதல் பெட்டியில் டேப் போட்டு ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டியின் சூட்டைப் பார்த்துத்தான் நான்கிலும் விளக்கு எரியும், அணையும்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மேல்பெட்டிகள் கீழ்ப்பெட்டிகளைவிடச் சூடாக இருக்கும் என்று தோன்றியது. நிரூபித்து, கோடு போட்ட நோட்டில் எழுதி உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. போன டிசம்பரில் ஒரு மாலை, நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது, டேப்பைப் பிரித்து ஒயரை வெளியே எடுத்தேன். நான்காவது பெட்டிக்குள் வைத்துப் பார்க்க நினைத்தேன். அதன் மூடி இறுகியிருந்தது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

பின்னறையில் ஜன்னல் இல்லை. ஒன்றும் தெரியவில்லை. ஒயரைத் தரையில் வைத்துவிட்டு, டியூஷனுக்கு நேரமாகிறதே என்று ஓடிவிட்டேன்.

"கரண்ட் போனா முதல்ல சுவிட்சை அணை. மெழுகுவத்தி அப்புறம்." இதை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். ஆனால் விளக்கு அணைந்துவிட்டால் எல்லாமே அணைந்துவிட்டதாகத்தான் நம் வீட்டுக் கைகளுக்குப் பழக்கம். சுழற்சி முறைப்படி அன்று இனிக் கரண்ட் வரும் நேரமும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. "மீ லா ப்யீ" என்று நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முழுக்கப் பர்மியில் கத்தியது. விளக்கு வந்துவிட்டது என்று டியூஷன் வீட்டில் நானும் கைதட்டிக் கத்தினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

ஒயர் நுனி சில்லென்ற தரையில் கிடந்தது. தரையின் குளிரைப் பார்த்து, இன்னும் சூடு போதாது, போதாது என்று தெர்மோஸ்டாட் நான்கு விளக்குகளையும் இரண்டு மணி நேரம் எரியவிட்டிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது மேல்பெட்டி ஒன்றில் இருந்த குட்டிப் பாம்பு குளிர்ந்த மூலையில் மூக்கை முட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. அந்தப் பெட்டியில் அன்று குளிர்ந்த மூலையே இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய குற்றம். ஒயரை எடுத்து முதல் பெட்டிக்குள் போட்டேன். டேப்பைப் பாதி ஒட்டி, பாதி தொங்கவிட்டேன். தானாகக் கழன்றதுபோல.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். டேப்பைத் தொட்டீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "நான் சரியா ஒட்டலை" என்றீர்கள். குட்டியை வேட்டித்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள்.

பிறகு பெட்டிக்கு ஒன்றாகத் தெர்மோஸ்டாட் வாங்கினீர்கள். ஒவ்வொரு ஒயரையும் டேப்போடு கிளிப்பும் போட்டு இறுக்கினீர்கள். ஒட்டிய பிறகும் இழுத்துப் பார்ப்பீர்கள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பீர்கள். துறைமுகத்தில் சாமான்களை ஒரு தரம் பார்த்தே கணக்கு எழுதும் உங்கள் கை, தன்னையே நம்பாமல் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். மழைக்காலத்தில் உங்களுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள்தான்.

இன்று மத்தியானம் உங்களோடு துறைமுகத்தில் வேலை பார்த்த கோ மியோ, மூன்று பாம்புகளையும் அலோனில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோக வந்தார். உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் உம்மாதான் சொல்லி அனுப்பினார்கள். நான் ஒவ்வொரு பெட்டியின் சூட்டையும் அவருக்குக் காட்டினேன். அவர் ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பர்மியில் சொன்னார்: "உன் அண்ணன் டீக்கடையில் எப்பவும் சொல்வார். என் கை சரியில்லை, ஒரு குட்டியைக் கொன்னுட்டேன் என்று."

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பர்மியில்தான் சொன்னேன். தமிழில் உங்களிடம் சொல்ல வராதது அந்த மொழியில் ஐந்தே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே, "ஞீமலே, இதை என்னிடம் சொல்லி என்ன?" என்றார். தங்கைகளை அழைக்கும் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீக்கடையில் இருக்கிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்" என்றேன். தலையாட்டினார்.

பாம்புகளைத் துணிப்பைகளில் போட்டுக் கட்டினோம். பெட்டிகளைத் தூக்கிப்போக அவர் கீழே ஆள் கூப்பிடப் போனார். உம்மா முன்னறையில் தொழுதுகொண்டிருந்தார்கள். காலிப் பெட்டிகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, காக்கா. கேட்க ஆளில்லாத அறையில் இதைத் தமிழில் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு சுவிட்சாக எல்லா விளக்குகளையும் அணைத்தேன்.